மரத்துல தேவாங்கு... ஆழ்கடல்ல சுறா... ரெண்டுக்கும் ஒரே சிக்கல்! என்ன காரணம்?

பெருங்குடியில் ஓ.எம்.ஆர். ஓரத்து அடுக்குமாடி வீடுகளுக்கு ஆன்லைன் ஆர்டரில் தினமும் எத்தனையோ முக க்ரீம்களும் சீரம் பாட்டில்களும் வந்து இறங்குகின்றன. அதில் சிலவற்றின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்துகளைப் படித்தால் 'ஸ்குவாலேன்' என்று ஒரு பெயர் இருக்கும். சருமம் வறண்டு போகாமல் மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் அது.

இதை ஆலிவ் எண்ணெயிலிருந்து எடுக்கலாம். கரும்பிலிருந்தும் தயாரிக்கலாம். ஆனால் இன்னொரு மூலமும் உண்டு. அது ஆழ்கடல் சுறாவின் ஈரல்.

அந்தச் சுறா நமக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒரு தூரதேசத்து விலங்கு அல்ல. அரபிக் கடலிலும் அந்தமான் கடலிலும் வாழ்வதுதான். அதைப் பிடிக்கப் போகிறவர்களில் கன்னியாகுமரி மாவட்டத் தமிழ் மீனவர்களும் உண்டு.

இதே தமிழ்நாட்டில், பெருங்குடியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி, திண்டுக்கல் – கரூர் எல்லையில் உள்ள முள்ளுக்காட்டில் இன்னொரு விலங்கு வாழ்கிறது. ஒரு கை அளவுதான் இருக்கும். ஆளே நடமாடாத ராத்திரியில் மரத்துக்கு மரம் ஊர்ந்து போகும். அதுதான் தேவாங்கு.

ஒன்று மரக்கிளையில் வாழ்கிறது, இன்னொன்று சூரிய ஒளி எட்டாத ஆழத்தில். இந்த ரெண்டையும் ஏன் ஒப்பிட வேண்டும்? ஏனென்றால் ரெண்டும் பிழைத்திருக்கும் வழி கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த வழிதான் இன்று ரெண்டையும் ஆபத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. ஆனால் ஒன்றுக்குத் தமிழ்நாடு தனி சரணாலயமே அமைத்துவிட்டது. மற்றொன்று இந்திய நீரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்ல ஒழுங்கான கணக்கே கிடையாது.

எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

தேவாங்கு: 300 கிராம் எடையில் ஒரு விலங்கு

"தேவாங்கு மாதிரி இருக்கான்" என்று ஒல்லியாக இருப்பவர்களைக் கிண்டல் செய்வது நம்மூர் வழக்கம். சொல்பவர்களில் பலர் நிஜ தேவாங்கைப் பார்த்திருக்க மாட்டார்கள். கோளாறு அவர்களிடம் இல்லை. பகல் முழுக்க அடர்ந்த புதரிலோ மரத்திலோ சுருண்டு தூங்கும், இருட்டிய பிறகுதான் வெளியே வரும்.

குரங்கும் மனிதரும் அடங்கிய முதனிகள் என்ற வகையைச் சேர்ந்ததுதான் தேவாங்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. எடை சுமார் 250 முதல் 350 கிராம் வரை. வால் கிடையாது. குச்சி குச்சியான கை கால்கள். முகத்தில் பாதி கண்களே.

முக்கியமான விஷயம், தேவாங்குக்குத் தாவத் தெரியாது. குரங்கு மாதிரி ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் குதிக்காது. ஒரு கிளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கிளைக்குக் கை நீட்டும். அப்படி மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருந்தாலும் கை மரத்துப் போகாத அளவுக்கு, அதன் கை கால்களில் ரத்தக் குழாய்கள் வலை போலப் பின்னிக் கிடக்கின்றன.

சாப்பாடு? பெரும்பாலும் பூச்சிகள்தான். 1990களின் பிற்பகுதியில் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் பகுதியில் ஆய்வாளர் அன்னா நெகாரிஸ் ராத்திரி ராத்திரியாகத் தேவாங்குகளைப் பின்தொடர்ந்து பார்த்தார். அவை உண்பதில் மிகப் பெரும்பகுதி எறும்பு, கரையான் போன்ற சிறு உயிர்களே என்பது அதில் தெரிந்தது. பயிரைத் தின்னும் பூச்சிகளையும் இது பிடிப்பதால், காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் லாபம்தான்.

இதே எடையுள்ள மற்ற பாலூட்டிகளோடு ஒப்பிட்டால், சும்மா இருக்கும்போது தேவாங்கு செலவழிக்கும் சக்தி குறைவு. வண்டி பாஷையில் சொன்னால், மைலேஜ் அதிகம்.

இனப்பெருக்கத்திலும் அவசரமே இல்லை. எலி மூணே வாரத்தில் ஈன்றுவிடும், ஒரு ஈற்றில் ஆறு, எட்டு குட்டிகள் கூட இருக்கும். ஏறக்குறைய அதே உடம்பு கொண்ட தேவாங்கு, குட்டியைச் சுமார் ஐந்தரை மாதம் வயிற்றில் சுமக்கிறது. பிறப்பது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு.

கல்ப்பர் சுறா: இருட்டில் மிதக்கும் எண்ணெய்ப் பை

இப்போது கடலுக்குள் இறங்குவோம்.

கடலில் சுமார் 200 மீட்டரைத் தாண்டினாலே செடி வளரும் அளவுக்கு வெளிச்சம் இருக்காது. 1,000 மீட்டரில் சூரிய ஒளி சுத்தமாக இல்லை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். அதாவது 1,000 மீட்டர் ஆழத்தில் நிலத்தில் நாம் உணர்வதைப் போல சுமார் 100 மடங்கு அழுத்தம். குளிர், கிட்டத்தட்ட ஃபிரிட்ஜுக்குள் இருப்பது மாதிரி.

இந்த இடத்தில் வாழ்வதுதான் 'கல்ப்பர் சுறா' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் சுறாக் குடும்பம். சுமார் 200 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் ஆழம் வரை, கடலடிச் சரிவுகளை ஒட்டி இவை வாழ்கின்றன. சினிமாவில் வரும் வெள்ளைச் சுறா மாதிரி பிரம்மாண்டமானவை அல்ல. பல இனங்கள் ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும். முதுகுத் துடுப்புகள் இரண்டின் முன்னாலும் ஒவ்வொரு முள். பச்சையாகப் பளபளக்கும் பெரிய கண்கள்.

பெரும்பாலான மீன்களுக்கு உடம்புக்குள் ஒரு காற்றுப்பை இருக்கும். அதை வைத்துத்தான் மூழ்காமல் மிதக்கும். சுறாக்களுக்கு அது கிடையாது. அப்படியென்றால் கல்ப்பர் சுறா எப்படி மிதக்கிறது?

விடை, ஈரல். இந்தச் சுறாவின் ஈரல் உடல் எடையில் நாலில் ஒரு பங்கு வரை கூட இருக்கும். அது முழுக்க எண்ணெய். அந்த எண்ணெயில் நிறைய இருப்பது ஸ்குவாலீன் என்ற பொருள். கடல்நீரை விட எடை குறைந்தது. ஆகவே சுறா பெரிதாக நீந்தாமலே, சக்தியைச் செலவழிக்காமல் மிதந்துகொண்டிருக்க முடியும்.

உணவு கிடைப்பதே அபூர்வமான இடத்தில் இது அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த ஈரல்தான் அதன் உயிருக்கே உலை வைக்கிறது. ஸ்குவாலீனைக் கொஞ்சம் பதப்படுத்தினால் கிடைப்பதுதான் அழகுசாதனப் பொருட்களில் வரும் ஸ்குவாலேன். சில தடுப்பூசிகளில் வீரியத்தைக் கூட்டுவதற்கும் ஸ்குவாலீன் பயன்படுகிறது.

இனப்பெருக்கம்? இதைப் படித்தால் தேவாங்கே பரவாயில்லை என்று தோன்றும். கல்ப்பர் சுறா முட்டை போடுவதில்லை, குட்டி போடுகிறது. கரு சுமார் இரண்டு ஆண்டுகள் தாயின் வயிற்றிலேயே வளர்கிறது. இவ்வளவு காத்திருப்புக்குப் பிறகு பிறப்பது, பல இனங்களில், ஒன்று அல்லது இரண்டே குட்டிகள். அந்தக் குட்டி வளர்ந்து தானும் ஈனும் வயதுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

சுறா வகைகளிலேயே மிக மெதுவாகப் பெருகும் குடும்பங்களில் இதுவும் ஒன்று.

தேவாங்கு Vs கல்ப்பர் சுறா: ஒரு பார்வையில் என்பதற்குப் பதில்... ஒரே பார்வைதான்!

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்:

• வாழும் இடம்: தேவாங்குக்கு மரமும் முட்புதரும். சுறாவுக்கு 200 – 1,500 மீட்டர் ஆழம்.

• கண்: ரெண்டுக்குமே முகத்துக்கு மீறிய பெரிய கண்கள். ரெண்டின் கண்ணுக்குப் பின்னாலும் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. உள்ளே வந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பி, ரெண்டாவது முறை பார்க்க உதவும்.

• சக்தி: தேவாங்கு உடல் இயக்கத்தையே குறைத்து மிச்சம் பிடிக்கிறது. சுறா, ஈரல் எண்ணெயால் மிதந்து மிச்சம் பிடிக்கிறது.

• குட்டி: ரெண்டுக்கும் ஒன்று அல்லது இரண்டு. தேவாங்குக்குச் சுமார் ஐந்தரை மாதம், சுறாவுக்குச் சுமார் இரண்டு ஆண்டு.

• மனிதர் தேடுவது: தேவாங்கிடம் மூடநம்பிக்கைக்காக அதன் உடல் உறுப்புகளை, குறிப்பாகக் கண்ணை. சுறாவிடம் ஈரலை.

ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு விலங்குகள். பாலூட்டியும் மீனும். ஆனாலும் இருட்டு, குறைவான சாப்பாடு என்ற ஒரே கணக்குக்கு ரெண்டும் கண்டுபிடித்த விடை ஒன்றுதான்: மெதுவாக வாழ், கொஞ்சமாகச் செலவு செய், குறைவாகப் பெற்று வளர்.

மெதுவாக வாழ்வதில் என்ன தப்பு?

தப்பே இல்லை. பல லட்சம் ஆண்டுகளாக ரெண்டுக்கும் அது கைகொடுத்த வழி. மனிதர் கை வைக்கும் வரை.

இதைப் புரிந்துகொள்ள மத்தி மீனை எடுத்துக்கொள்வோம். ஒரு மத்தி பல்லாயிரம் முட்டைகள் இடும். சுமார் ஒரு வயதிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஒரு வருஷம் வலையில் நிறைய மாட்டினாலும், கடல் சூழல் ஒத்துழைத்தால் சில ஆண்டுகளில் மீண்டும் கூட்டம் கூட்டமாக வந்துவிடும்.

கல்ப்பர் சுறாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் சுறா 20 ஆண்டுகள் விடாமல் குட்டி போடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் மொத்தம் 10 முறை. ஒவ்வொரு முறையும் ஒன்று, இரண்டு. வாழ்நாள் முழுக்க 10 முதல் 20 குட்டிகள், அவ்வளவுதான். அதில் எத்தனை பிழைத்து வளரும் என்பது வேறு விஷயம்.

இன்னொரு பக்கம், ஒரு டன் ஸ்குவாலீன் எடுக்கச் சுமார் 2,500 முதல் 3,000 சுறாக்கள் வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வரவு அணாக்கணக்கில், செலவு ரூபாய்க்கணக்கில். எந்தக் கஜானா தாங்கும்?

ஆஸ்திரேலியா சொல்லும் பாடம்: கோலாவும் அதே சுறாவும்

மரத்தில் மெதுவாக வாழும் விலங்கு என்றதும் உலகத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது கோலாதான். குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் பைப்பாலூட்டி. இந்தியாவில் இயற்கையாக வாழும் பைப்பாலூட்டி எதுவும் இல்லை. மரத்தில் மெதுவாக வாழும் அந்த வேலையை நம்மூரில் பார்ப்பது தேவாங்கு.

கோலா தின்பது நாம் ஊட்டியில் பார்க்கிற தைல மரத்தின் இனத்து இலைகள். விஷத்தன்மை உண்டு, சத்தோ ரொம்பக் குறைவு. அதைச் செரிக்கவே நேரம் போதாது என்பதால் ஒரு நாளில் சுமார் 20 மணி நேரம் தூங்கியே கழிக்கும். பொதுவாக ஆண்டுக்கு ஒரே குட்டி.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கோலாவின் தோலுக்கு வெளிநாடுகளில் பெரிய கிராக்கி. 1927 ஆகஸ்டில் குயின்ஸ்லாந்து மாகாணம் ஒரே ஒரு மாதம் வேட்டைக்கு அனுமதி கொடுத்தது. அந்த ஒரு மாதத்தில் கொல்லப்பட்டவை ஐந்து லட்சத்துக்கும் அதிகம். மக்கள் கொதித்துப் போனார்கள். அதற்குப் பிறகு அங்கே வேட்டை திறக்கப்படவே இல்லை.

ஆனாலும் காடழிப்பு, நோய், 2019-20 காட்டுத்தீ என்று அடி மேல் அடி. 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதி ஆகியவற்றில் கோலாவை 'அழியும் நிலையில் உள்ள' விலங்கு என ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. உலகம் முழுக்கச் செய்தி ஆனது.

இப்போது அதே நியூ சவுத் வேல்ஸின் கடலுக்கு வருவோம். 1976-77ல் ஓர் ஆய்வுக் கப்பல் அங்கே ஆழ்கடல் சரிவில் வலை இழுத்து, கல்ப்பர் சுறா வகைகள் எவ்வளவு கிடைக்கின்றன என்று பதிவு செய்தது. 20 ஆண்டு கழித்து, 1996-97ல், அதே இடங்களில் அதே மாதிரி வலை இழுத்தார்கள். கிடைத்த சுறா 98 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது.

அதாவது நூறு இருந்த இடத்தில் ரெண்டு கூட இல்லை. இந்தக் காலத்தில் கடற்கரையில் நின்ற ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. கடல் எப்போதும் போல நீலமாகத்தான் இருந்தது.

மாலத்தீவிலும் இதே கதைதான். 1980 வாக்கில் ஈரல் எண்ணெய்க்காகக் கல்ப்பர் சுறா பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் பிடிப்பு உச்சத்துக்குப் போனது. பிறகு சரிந்து விழுந்தது. 2010ல் அந்த நாடு எல்லாச் சுறா பிடிப்புக்கும் தடை போட்டது.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் சுறா பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். ஆயிரங்கால் தூண்டிலோடு வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது அதிக உயிர்களைப் பறிகொடுத்த பகுதிகளில் தூத்தூர் வட்டாரமும் ஒன்று. காரணம், அவர்கள் கரையை விட்டு அவ்வளவு தூரம் போயிருந்தார்கள்.

இவர்களின் படகுகளில் பல கொச்சி துறைமுகத்தில்தான் மீன் இறக்கும். கொச்சியில் தலைமையகம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், 2000க்குப் பிறகு அங்கே ஆழ்கடல் சுறாக்கள் வந்து இறங்குவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் கல்ப்பர் சுறா இனங்கள் முக்கியமானவை. தேடிப் போன காரணம், ஈரல் எண்ணெய்.

இதில் மீனவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. கரையோரத்தில் மீன் குறையக் குறைய, டீசல் விலை ஏற ஏற, படகு இன்னும் தூரம் போகிறது, தூண்டில் இன்னும் ஆழம் இறங்குகிறது. ஈரலுக்கு விலை சொல்லும் வியாபாரி கரையில் இருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு சந்தை இருக்கிறது. அந்தச் சந்தையின் கடைசிக் கண்ணிதான் பெருங்குடி வாசலுக்கு வரும் பாட்டில்.

சுறா எண்ணெய் நமக்குப் புதுசும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது நின்றுபோக, அன்றைய சென்னை மாகாண மீன்வளத் துறையே வைட்டமின் ஏ சத்துக்காகச் சுறா ஈரல் எண்ணெய் தயாரித்தது. ஆனால் அப்போது பிடிபட்டவை பெரும்பாலும் கரையை ஒட்டிய சுறாக்கள். ஆழ்கடல் இருட்டுக்குள் தூண்டில் போவது அண்மைக் காலத்துக் கதை.

தேவாங்குக்குக் கிடைத்தது, சுறாவுக்குக் கிடைக்காதது

2022 அக்டோபர் 12 அன்று தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு. தேவாங்குக்கென்றே அமைந்த இந்தியாவின் முதல் சரணாலயம் இது.

தேவாங்கு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. பிடித்தாலோ, விற்றாலோ, வீட்டில் வைத்திருந்தாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

இது எப்படிச் சாத்தியமானது? தேவாங்கை எண்ண முடிந்தது என்பதுதான் முக்கியக் காரணம். ராத்திரியில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டில் நடந்தால், கிளைகளுக்கு நடுவே ஒரு ஜோடிக் கண்கள் மின்னும். கண்ணுக்குள் இருக்கும் அந்தக் கண்ணாடிப் படலம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் வரும் மினுமினுப்பு. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ஜோடிக் கண்கள் என்று எண்ணினால் கணக்கு வந்துவிடும். எங்கே அதிகம் இருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது, எந்த ரோடு மரத்தொடரைத் துண்டிக்கிறது என்று வரைபடமே போடலாம்.

கல்ப்பர் சுறாவின் கண்ணும் அதே மாதிரி மின்னும். ஆனால் 800 மீட்டர் ஆழத்தில் விளக்கு பிடித்து நடக்க யாரும் இல்லை. அதை எண்ணுவது ஒரே இடத்தில்தான்: மீன்பிடித் துறைமுகத்தின் சிமெண்ட் தரையில், செத்துக் கிடக்கும்போது.

தேவாங்கை உயிரோடு எண்ணுகிறோம், சுறாவைப் பிணமாக எண்ணுகிறோம். ரெண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான். பிணத்தை வைத்து எத்தனை செத்தது என்று சொல்லலாம். கீழே எத்தனை மிச்சம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு வருஷம் சுறா நிறைய வந்தால் கடலில் நிறைய இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இதுவரை தொடாத புதுச் சரிவைப் படகுகள் கண்டுபிடித்திருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2001ல் திமிங்கலச் சுறா உள்ளிட்ட சில சுறா, திருக்கை இனங்களை இந்தியா முதல் பட்டியலில் சேர்த்தது. 2015 பிப்ரவரியில் எல்லா வகைச் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கும் தடை வந்தது. ஆனால் அந்தத் தடை துடுப்பைப் பற்றியது. ஈரல் எண்ணெயைப் பற்றியது அல்ல. கல்ப்பர் சுறாவைத் தேடுவதோ துடுப்புக்காக அல்ல, ஈரலுக்காக.

2024ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு சர்வதேச ஆய்வு, ஆழ்கடல் சுறா, திருக்கை இனங்களில் ஏழில் ஒன்று அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. இறைச்சியும் ஈரல் எண்ணெயும் முக்கியக் காரணங்கள்.

அடுத்து 2025 இறுதியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் நகரில் நடந்த சைட்ஸ் மாநாட்டில், கல்ப்பர் சுறாக்களை இரண்டாம் இணைப்புப் பட்டியலில் சேர்க்க நாடுகள் முடிவு செய்தன. இதன் பொருள் வணிகத் தடை அல்ல. நாடு விட்டு நாடு போகும் சுறாப் பொருளுக்கு அனுமதி வேண்டும், அந்த வணிகத்தால் இனத்துக்குக் கேடு வராது என்று ஏற்றுமதி செய்யும் நாடு ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

கேடு வராது என்று சொல்ல என்ன வேண்டும்? மறுபடியும் அதேதான். கணக்கு.

பெருங்குடிக்குப் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது

பெருங்குடியை அடுத்த பள்ளிக்கரணையில், வேளச்சேரி – தாம்பரம் சாலையில் இருக்கிறது என்.ஐ.ஓ.டி. எனப்படும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம். 1993ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப்போகும் 'மத்ஸ்யா 6000' என்ற நீர்மூழ்கி வாகனம் இங்கேதான் உருவாகிறது. 2025 தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இதன் நீர்ச் சோதனைகள் நடந்தன.

இது 2021ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த, 4,077 கோடி ரூபாய் மதிப்பிலான ஆழ்கடல் இயக்கத்தின் ஒரு பகுதி. செய்திகளில் அதிகம் அடிபடுவது கடலடிக் கனிமங்கள்தான். ஆனால் ஆழ்கடல் உயிரினங்களை ஆராய்வதும் காப்பதும் அதே திட்டத்தின் இன்னொரு பிரிவு.

கல்ப்பர் சுறா வாழ்வது 6,000 மீட்டரில் அல்ல, அதில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்குள். அதைப் பார்க்க ஆள் இறங்க வேண்டும் என்றுகூட இல்லை. இரை கட்டிய கேமராவைக் கடலடிச் சரிவில் இறக்கி வைத்து, வந்து போகும் சுறாக்களை உயிரோடு படம்பிடிக்கும் முறை உலகின் பல கடல்களில் பயன்படுகிறது. கடவூரில் தலைவிளக்கு செய்த வேலையை இங்கே கேமரா செய்யும்.

எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த படி எளிது. ஆஸ்திரேலியா, தன் கல்ப்பர் சுறாக்களுக்காகக் கடல்சரிவின் சில பகுதிகளை மீன்பிடிப்புக்கு மூடி வைத்திருக்கிறது. கடல் முழுவதையும் மூடவில்லை. சுறா மிஞ்சியிருக்கும் இடங்களை மட்டும்தான். தொழிலும் நடக்கும், சுறாவும் பிழைக்கும். கடலுக்குள் ஒரு கடவூர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாம் என்ன செய்யலாம்?

• க்ரீம், சீரம், லிப் பாம் வாங்கும்போது பொருள் பட்டியலைப் படியுங்கள். ஸ்குவாலேன் அல்லது ஸ்குவாலீன் என்று இருந்தால், தாவரத்திலிருந்து எடுத்தது என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். ஆலிவ், கரும்பு என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. எதுவுமே இல்லை என்றால் நிறுவனத்திடம் கேளுங்கள்.

• சுறா ஈரல் எண்ணெய் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

• தேவாங்கின் கண்ணுக்கோ உடலுக்கோ மருந்துச் சக்தியோ மாந்திரீகச் சக்தியோ கிடையாது. யாராவது விற்பதாகவோ வைத்திருப்பதாகவோ தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

• திண்டுக்கல், கரூர் பக்கம் தோட்டம் இருந்தால், உயிர்வேலியையும் ஓரத்து மரங்களையும் வெட்டாமல் விடுங்கள். தாவத் தெரியாத விலங்குக்கு அதுதான் பாலம்.

மீண்டும் அந்த பாட்டிலுக்கே வருவோம். கடவூர்க் காட்டில் ஒரு தேவாங்கு குறைந்தால், அடுத்த முறை விளக்கோடு போகிறவருக்கு ஒரு ஜோடிக் கண் குறைவது தெரியும். ஆழ்கடலில் ஒரு சுறா குறைந்தால் தெரியக்கூடிய இடம் இப்போதைக்கு இரண்டுதான். ஒன்று கொச்சித் துறைமுகத்தின் தரை. இன்னொன்று, பாட்டிலின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்து.